லைட்டரில் கொஞ்சம் கூட்டல், கொஞ்சம் கழித்தல்

லைட்டருக்கு கேஸ் அடித்துக் கொடுக்கிற தொழிலில் விரல் சுடாதவன் எவனும் கிடையாது.

எண்பதுகளின் கடைசியில் தாம்பரம் ஸ்டேஷன் மேற்கு வாசல் பக்கம் ஒரு கண்ணாடிப் பெட்டியும் ஸ்டூலுமாக உட்கார்ந்தேன். கேஸ் அடிப்பது, பொறி தட்டும் கல்லை மாற்றுவது, தீயின் உயரத்தைச் சரிபண்ணுவது, இவ்வளவுதான் வேலை. தீயைச் சரிபண்ண லைட்டரில் ஒரு சின்னத் திருகு இருக்கும். ஒரு பக்கம் கூட்டல் குறி, மறுபக்கம் கழித்தல் குறி. கடை போட்டு உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் தெரியும், வாடிக்கையாளர் தானே கை வைத்தால் என்ன ஆகும் என்று.

மீசை

குரோம்பேட்டையில் குமாஸ்தாவாக இருந்த ஓர் இளைஞர், தீ நன்றாக உயர வேண்டும் என்றார். இதற்கு மேல் ஆபத்து என்றேன். கேட்கவில்லை. என் திருப்புளியை வாங்கித் தானே கூட்டல் பக்கம் கடைசிவரை திருகிவிட்டு, வாயில் சிகரெட்டோடு தட்டினார். பாதி மீசை பொசுங்கிவிட்டது.

மறுநாள் பெருங்களத்தூரில் பெண் பார்க்கப் போகிறாராம். அரும்பிய நாளிலிருந்து எடுத்ததே இல்லை என்று அழாத குறையாக நின்றவரைப் பக்கத்து சலூனுக்குக் கூட்டிப்போய் மிச்சப் பாதியையும் எடுக்க வைத்தேன். கொஞ்ச நாள் கழித்து இனிப்புப் பொட்டலத்தோடு வந்தார்.

"போட்டோல மீசையைப் பாத்துட்டு வேணாம்னுதான் சார் நெனச்சுகினு இருந்துச்சாம் அந்தப் பொண்ணு."

ஊதுவத்தி

மின்சார ரயிலில் ஊதுவத்தி விற்ற அண்ணன் ஒருவர். பார்வை கிடையாது. பெட்டியில் ஏறியதும் ஒரு வத்தியைக் கொளுத்தி மணக்க வைத்தால்தான் வியாபாரம். தீக்குச்சி காற்றில் அணைந்துவிடுகிறது என்று லைட்டர் வாங்கியிருந்தார். அதிலும் தீ நிற்கவில்லை.

நான் திருகத் திருக, அவர் உள்ளங்கையைப் பக்கவாட்டில் கொண்டுவந்து, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றார். சுட்டுக்கொள்வாரோ என்று எனக்குப் பதைப்பு. அந்தப் பதைப்பில், இந்த வெளிச்சம் போதுமா அண்ணே என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் சிரித்துவிட்டார்.

"வெளிச்சத்த நீயே வச்சுக்க தம்பி. எனக்கு சூடு தெரிஞ்சா போதும்."

வாத்தியாரும் மனைவியும்

கணக்கு வாத்தியார் ஒருவர். அவர் மனைவி ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வரும் வழியில் அவருடைய லைட்டரைக் கைப்பைக்குள்ளிருந்து எடுத்து நீட்டினார். வாத்தியாருக்கு நுரையீரல் சரியில்லை, சிகரெட்டை விட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ஒளித்து வைத்தால் வீட்டில் சண்டை. அதனால், லேசாகக் காற்று பட்டாலே அணைகிற மாதிரி தீயைக் குறைத்துக் கொடுங்கள், அவருக்குத் தெரிய வேண்டாம் என்றார். குறைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் வாத்தியார் வந்தார். தீ நிற்கவே மாட்டேன் என்கிறது, கூட்டுங்கள் என்றார். கூட்டினேன். வேறு என்ன செய்ய? அடுத்த ஞாயிறு அந்த அம்மா வந்தார். இப்படியே பல வாரம் ஓடியது. வரவர அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஒரு திங்கட்கிழமை வாத்தியார் வந்தபோது, திருகு மரை போய்விட்டது, இனிமேல் கூட்ட முடியாது என்று சொல்லிவிட்டேன்.

அவர் லைட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

"அப்படியே இருக்கட்டும். நானும் குறைச்சுக்கிட்டுதான் வரேன். அவ வந்து போறது எனக்குத் தெரியும்னு மட்டும் அவகிட்ட சொல்லிடாதீங்க."

இப்படி ஊரார் நெருப்பையெல்லாம் ஏற்றியும் இறக்கியும் கொடுத்த என் வீட்டில், அடுப்பு பற்றவைக்க இன்றுவரை தீப்பெட்டிதான்.