நோன்பு நாளில் மதியச் சாப்பாடு

நோன்பு மாதம் என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது பசி இல்லை, வரிசை. சாயங்காலத் தொழுகை நெருங்கும்போதே பூந்தமல்லியில் எங்கள் தெருப் பிள்ளைகள் ஆளுக்கொரு தூக்குவாளியோடு பள்ளிவாசல் முன்னால் நிற்போம். உள்ளே பெரிய தேக்சாவில் நோன்புக் கஞ்சி கொதிக்கும். பூண்டும் வெந்தயமும் தெருமுனை வரை மணக்கும். யார் வாளியில் கைமாக் கறி அதிகம் விழுந்தது என்று வீடு போய்ச் சேரும்வரை சண்டை நடக்கும்.

நான் முதல் நோன்பு வைத்தது ஏழு வயதில். அன்று மாலை அத்தா எனக்கு மல்லிகைப் பூ மாலை போட்டு, கடன் வாங்காத குறையாகத் தெருவுக்கே சர்பத் கொடுத்தார். அதற்கப்புறம் ஒரு வருடமும் விட்டதில்லை. மார்க்கமே பெண்களுக்கு விலக்குத் தந்த நாட்களைக்கூடப் பெருநாள் கழித்து ஒவ்வொன்றாக வைத்து முடித்துவிடுவேன். காலேஜ் பரீட்சை எழுதும்போதும் வைத்தேன். திமிர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அழகில், படிப்பில் என்னை மிஞ்ச ஆள் உண்டு, நோன்பில் கிடையாது என்று நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

அப்போதெல்லாம் நோன்பு திறந்ததும் நாங்கள் சும்மா உட்காரமாட்டோம். தெருவிளக்கு வெளிச்சத்தில் ஷட்டில் ஆடுவோம். பகலெல்லாம் பச்சைத் தண்ணீர் படாத உடம்பில் அவ்வளவு ஓட்டம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. இப்போது நினைத்தாலும் ஏக்கமாக இருக்கிறது.

மண்ணூர்பேட்டைப் பக்கம் வேலை கிடைத்ததும் ஓட்டம் நின்றது. வெளிநாட்டுக்காரர்களுக்குக் கணக்குப் பார்க்கும் கம்பெனி. அவர்களுக்குப் பகல் என்றால் எங்களுக்கு இரவு. வீட்டு வாசலில் கார் ஏற்றிக்கொள்ளும், ஆபீஸ் வாசலில் இறக்கிவிடும். நான் நடந்தது என்று பார்த்தால் லிஃப்டுக்கும் நாற்காலிக்கும் நடுவே உள்ள தூரம்தான். வேலை நடுவில் போனில் தட்டினால் பிரியாணி வரும், கூடவே ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று கலர் சோடா வரும். விடிந்து வீடு வந்தால் அம்மா இட்லியோடு காத்திருப்பாள். வெறும் வயிற்றோடு பிள்ளை படுத்தால் அவளுக்குத் தாங்காது. அதையும் சாப்பிட்டுவிட்டுத்தான் தூங்குவேன். யாரையும் குறை சொல்லவில்லை, எல்லாமே ருசியாகத்தான் இருந்தது.

ஆபீஸில் ஒருநாள் ரத்தப் பரிசோதனை முகாம் போட்டார்கள். டி-ஷர்ட் இலவசம் என்றதால் நானும் கையை நீட்டினேன். இருபத்தாறு வயதில் எனக்குச் சர்க்கரை என்று ரிப்போர்ட் வந்தது. அம்மா காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது உங்க அத்தாவோடதா இருக்கும்டி. வயசானவங்களுக்குத்தானே வரும்?"

அத்தாவுக்கு ஒரு மண்ணும் இல்லை. காட்டுப்பாக்கத்தில் செருப்புக்கடை வைத்திருக்கிறார். நாள் முழுக்க ஸ்டூலில் ஏறி இறங்கிப் பெட்டி எடுத்துப் போடுகிற உடம்பு அது.

டாக்டரம்மா நிதானமாகத்தான் சொன்னார். "உன் வயசுல இப்போ தெனம் யாராவது வர்றாங்கம்மா. கட்டுக்குள்ள கொண்டாந்துடலாம். ஆனா இந்த வருஷம் நோன்பு வேணாம். மாத்திரைய போட்டுட்டுப் பட்டினி கெடந்தா சுகர் ரொம்பக் கீழ போயிடும்." அத்தாவும் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டுவிட்டு வந்து, நோயாளிக்கு விலக்கு உண்டாம், குணமானதும் வைத்துக்கொள்ளலாமாம் என்றார்.

நோயாளி என்ற வார்த்தை எனக்குச் சுருக்கென்றது. என் கணக்கு வேறு. சாப்பிட்டதால் ஏறிய சர்க்கரை, சாப்பிடாவிட்டால் இறங்கித்தானே ஆகவேண்டும்? மாதம் முழுக்க நோன்பு வைத்தால் இருந்த இடம் தெரியாமல் ஓடிவிடும் என்று அடித்துச் சொன்னேன். தெருவில் பாதிப் பேரும் அதையே சொன்னார்கள். ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு, வீட்டில் சண்டை போட்டு முதல் நோன்பை வைத்துவிட்டேன். விடிவதற்கு முன் சாப்பிடும்போதே மாத்திரையையும் மறக்காமல் போட்டுக்கொண்டேன். டாக்டர் பேச்சையும் பாதி கேட்டாயிற்று என்று ஒரு திருப்தி. அத்தா கடைக்குப் போய்விட்டார்.

மதியம் தாண்டியதும் கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் பசி என்றுதான் நினைத்தேன். பசி எனக்குப் பழக்கம், இது அது இல்லை. உடம்பெல்லாம் வேர்த்து உடுப்பு ஒட்டிக்கொண்டது. சுவரைப் பிடித்தபடி கூடத்திலேயே சரிந்துவிட்டேன். அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நோன்பு திறக்க எடுத்து வைத்திருந்த பேரீச்சம்பழத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பாங்கு சொல்ல இன்னும் எவ்வளவு நேரம் என்று கடிகாரத்தைப் பார்க்கிறாள்!

காலையிலிருந்தே மனசு கேட்காமல் கடையை ஆளிடம் விட்டுவிட்டுக் கிளம்பிய அத்தா, நல்லவேளையாக அந்த நேரத்தில் உள்ளே வந்தார்.

"இன்னா, மணிய பாத்துகினு நிக்கிற? போ, தண்ணில சக்கரய கலக்கி எட்தா!"

என் தலையை மடியில் தூக்கி வைத்து டம்ளரை வாயருகே கொண்டுவந்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். "நோன்பு அத்தா... இன்னும் கொஞ்ச நேரந்தான..."

"வாய தொற கண்ணு. அல்லா தப்பா நெனைக்க மாட்டான். குடிம்மா, குடி."

அவர் குரல் உடைந்து அதுவரை நான் கேட்டதில்லை. குடித்தேன். கொஞ்ச நேரத்தில் கண் தெளிந்ததும் விக்கி விக்கி அழுதேன். உயிர் பிழைத்ததற்காக அழவில்லை. என் நோன்பு போய்விட்டதே என்று அழுதேன்.

மறுநாள் அம்மா கீரையும் முட்டையும் ஒரு கரண்டிச் சோறும் மூடி வைத்தாள். நான் தொடவில்லை. வீட்டில் எல்லோரும் காய்ந்த உதட்டோடு இருக்க, எனக்கு மட்டும் எப்படி இறங்கும்? மாத்திரையையும் போடாமல் போர்த்திக்கொண்டு படுத்திருந்தேன். வாசலில் அத்தாவின் வண்டிச் சத்தம் கேட்டது. பெருநாளுக்குச் செருப்பு வாங்க வருகிற கூட்டத்தில் கடையில் நிற்க இடமிருக்காது. வருடத்தில் நான்கு காசு பார்க்கிற மாதமே அதுதான். அதை விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

கைகால் கழுவி, தட்டை அவரே எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். மாத்திரையையும் பக்கத்தில் வைத்துவிட்டு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"நீங்க நோன்பு அத்தா. உங்க எதிர்ல எப்டி..."

"நான் பாத்துகினு கீறேன். நீ சாப்புடு."

வெட்கமும் அழுகையுமாகப் பிசைந்து சாப்பிட்டேன். அவர் உதடு வெள்ளையாக வெடித்திருந்தது. நான் தண்ணீர் குடித்தபோது அவர் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. பெருநாள் வரைக்கும் மதியம் தவறாமல் வந்தார். கூட்டம் அதிகமான நாளில்கூட வந்தார். ஒருநாளும் புத்தி சொல்லவில்லை, ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்கவில்லை. தட்டு காலியாகும்வரை இருப்பார். அப்புறம் எழுந்து, "நாளைக்கு மீன் வெக்கச் சொல்லவா?" என்று கேட்டுவிட்டு வெயிலில் வண்டியை எடுப்பார்.