குறட்டை இல்லாத அறை

சுங்குவார்சத்திரம் பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் ஒரு வீட்டின் மாடியறையில் நாங்கள் ஆறு பெண்கள் இருந்தோம். ஆறு பேருக்கும் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி லைனில் வேலை, மூன்று ஷிப்ட். எப்போது கதவைத் திறந்தாலும் யாராவது இரண்டு பேர் தூங்கிக்கொண்டிருப்பார்கள். பகல் பதினொரு மணிக்கும் ஜன்னலில் பழைய போர்வை தொங்கும், உள்ளே மாலை ஏழு மணி மாதிரி இருக்கும்.

அந்த அறைக்கு ஒரே ஒரு சட்டம்தான்: தூங்குகிறவளை எழுப்பக் கூடாது. நான் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்த முதல் வாரம் ஒரு எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டுவிட்டேன். இரண்டு நாள் என்னோடு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்குப் பிறகு கற்றுக்கொண்டேன். செருப்பை மாடிப்படியின் கீழேயே கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். தாழ்ப்பாளைத் துண்டு சுற்றித்தான் நகர்த்த வேண்டும். குழாயில் ஒரு ஈரத்துணியைக் கட்டி வாளிக்குள் தொங்கவிட்டால் தண்ணீர் துணி வழியாகச் சத்தமில்லாமல் இறங்கும். குக்கர் மாலை நான்கு மணிக்கு மேல்தான். கொலுசு போட்டுக்கொண்டு வந்தவள் மூன்றாம் நாளே கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டாள். ஆறு மாதத்தில் என் காலடி எனக்கே கேட்காது என்கிற அளவுக்கு ஆகிவிட்டேன். எங்கள் அம்மா பார்த்திருந்தால், வீட்டில் யானை மாதிரி நடந்தவளா இவள் என்று மூக்கில் விரலை வைத்திருப்பாள்.

இந்தத் திறமை எனக்கு இன்னொரு இடத்திலும் கைகொடுத்தது. பள்ளியில் அரசு கொடுத்த லேப்டாப்பை ஊரிலிருந்து கொண்டுவந்திருந்தேன். அதில் பேட்டரி செத்துவிட்டது, பிளக்கில் சொருகினால் மட்டும் உயிர் வரும். தொலைதூரக் கல்வியில் ஒரு டிகிரி முடிக்கலாம் என்று கொண்டுவந்தது. முடித்தது என்னவோ ஒரு பழைய கேமின் ஏழு லெவல்களை. சித்தி மகன் பென்டிரைவில் போட்டுக் கொடுத்த கேம் அது.

அதில் நான் ஒரு திருடன். சண்டை போடத் தெரியாத திருடன். பெரிய மாளிகைகளுக்குள் ஒளிந்து ஒளிந்து போய், காவலாளிகள் கண்ணில் படாமல், காதில் விழாமல், ஒரு பொருளை எடுத்துக்கொண்டு வெளியே வர வேண்டும். கம்பெனிக்குப் போகும் பஸ்ஸில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் மரத்தரையில் எப்படி நடப்பது, கல்தரையில் எப்படி நடப்பது என்றெல்லாம் எனக்குச் சொல்லித்தர அந்த கேமில் ஒன்றும் இல்லை. அதெல்லாம் இந்த அறையிலேயே படித்து முடித்திருந்தேன்.

அந்தக் காவலாளிகளை எனக்கு ரொம்பப் பிடிக்கும். எப்போதும் ஏதாவது சத்தம் போட்டுக்கொண்டே இருப்பார்கள். ஒருவனுக்குப் பல்வலி, புலம்பிக்கொண்டே ரவுண்டு வருவான். ஒருவன் ராகமே இல்லாமல் பாடுவான். ஒருவன் சமையல்காரனைத் திட்டுவான். தூங்குகிறவர்கள் குறட்டை விடுவார்கள். அந்தக் குறட்டைதான் முக்கியம். குறட்டை கேட்கிற வரைக்கும் அவன் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு நிதானமாகப் போகலாம். குறட்டை நின்றால் விழிக்கப்போகிறான், ஓடு. இந்த ஒரு கணக்கை வைத்துக்கொண்டே ஏழு லெவலையும் தாண்டினேன்.

எட்டாவது லெவலில் காவலாளிகளே இல்லை.

துறைமுகத்தை ஒட்டி மூடிக்கிடக்கும் மாலுமிகள் விடுதி. நீளமான ஒரு கூடம், இரண்டு பக்கமும் வரிசையாகக் கட்டில்கள். கூடத்தின் கடைசியில் ஒரு சாவி தொங்குகிறது. அதை எடுத்துவர வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஒவ்வொரு கட்டிலிலும் தலையோடு கால் போர்வை மூடி யாரோ படுத்திருக்கிறார்கள். புலம்பல் இல்லை, பாட்டு இல்லை, குறட்டை இல்லை. தரை முழுக்கத் தடிமனான கம்பளம் வேறு. மற்ற லெவல்களில் கம்பளம் பார்த்தால் எனக்குக் கொண்டாட்டம். இங்கே என் காலடிச் சத்தமும் போய்விட்டது. ஒளிந்துகொள்ள இருட்டு தாராளமாக இருந்தது. யாரிடமிருந்து ஒளிவது என்றுதான் தெரியவில்லை.

மூன்று நாள் முயன்றேன். மூன்று நாளும் பாதிக் கூடம் வரை போய்விட்டுத் திரும்பி ஓடிவந்தேன். ஒருமுறைகூட எதுவும் என்னைத் துரத்தவில்லை. எதுவும் அசையக்கூட இல்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். பேய் ஒன்று வந்து நின்றிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். வந்தால் ஓடலாம். படுத்திருப்பவர்கள் தூங்குகிறார்களா, செத்துக்கிடக்கிறார்களா, விழித்துக்கொண்டு என்னைக் கவனிக்கிறார்களா என்பது பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். அந்தப் பக்கத்தில் போவதுதான் என்னால் முடியவில்லை.

அந்த வாரம் எனக்கு மதிய ஷிப்ட், ஒரு மணிக்குக் கிளம்பினால் போதும். எனக்கு இரண்டு கை தூரத்தில் பாய் போட்டுப் படுக்கும் அக்காவுக்கு நைட் ஷிப்ட். ஊர் சிவகங்கைப் பக்கம். எங்கள் எல்லோரையும் விட ஐந்தாறு வயது மூத்தவர். காலை எட்டு மணிக்கு வந்து படுத்தால் தூக்கத்தில் பேச ஆரம்பித்துவிடுவார். "ட்ரே மாத்து, ட்ரே மாத்து" என்பார். "ஸ்க்ரூ எங்கத்தா?" என்று அதட்டுவார். லைன் அப்படியே அவர் கூடவே வீட்டுக்கு வந்துவிடும். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

அன்றைக்கு வியாழக்கிழமை. அக்கா வந்தார், இட்லி வேண்டாம் என்று கையாலேயே சொன்னார், ஒரு மாத்திரையை விழுங்கினார், படுத்தார். காய்ச்சல் மாத்திரை அட்டை அவர் தலைமாட்டில் கிடந்ததைப் பார்த்தேன். இரண்டு நாளாக உடம்பு சரியில்லாமலேதான் வேலைக்குப் போய்வந்தார். ஒப்பந்தம் புதுப்பிக்கிற மாதம், லீவு போட்டால் லிஸ்டிலிருந்து பெயர் போய்விடும் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. என்ன அக்கா என்று கேட்டிருக்கலாம். மூலையில் இன்னொரு நைட் ஷிப்ட் பெண் ஏற்கெனவே தூங்கிவிட்டிருந்தாள். பேசினால் அவள் விழிப்பாள் என்று விட்டுவிட்டேன்.

இன்றைக்கு அந்தச் சாவியை எடுத்தே தீருவது என்று உட்கார்ந்தேன். காதில் இயர்போன், மவுஸுக்குக் கீழே மடித்த துண்டு. நடுநடுவே அக்கா பக்கம் திரும்பிப் பார்த்தேன். அசையாமல் படுத்திருந்தார். இன்றைக்கு ட்ரேயும் இல்லை, ஸ்க்ரூவும் இல்லை. பாவம், அசந்து தூங்குகிறார் என்று நினைத்தேன். உண்மையாகச் சொன்னால், சந்தோஷப்பட்டேன்.

பதினொன்றரை இருக்கும். முதல்முறையாகப் பாதிக் கூடத்தைத் தாண்டிவிட்டேன். சாவி கண்ணுக்குத் தெரிகிறது. அப்போது கதவு இடிபட்டது. கேமில்தான் என்று நினைத்து உயிரே போய்விட்டது. இயர்போனைப் பிடுங்கினேன். நிஜக் கதவு.

துண்டு சுற்றித் தாழ்ப்பாளை எடுத்தேன். வெளியே வீட்டுக்கார அம்மா, தலையில் பிளாஸ்டிக் கவரோடு. இவருக்கு மெதுவாகப் பேசவே தெரியாது. இவர் குரலுக்காகவே வேறு வீடு பார்க்கலாமா என்று நாங்கள் பேசியிருக்கிறோம். நான் உதட்டில் விரலை வைத்து "ஷ்" என்றேன்.

"இன்னா ஷ்ஷு? கீழேந்து எம்மா நேரமா கூவிகினு கீறேன்! மழை கொட்டுது, மாடில துணியெல்லாம் நனையுது. வூட்ல ஆள் கீதா இல்லியா?"

"ஆன்ட்டி, மெதுவா... நைட் ஷிப்ட் தூங்குதாங்க."

மூலையில் இருந்தவள் துள்ளி எழுந்து, "யாரு அது, மனுசியத் தூங்க விடாம" என்று கத்தினாள். நான் பயந்துபோய் அக்காவைப் பார்த்தேன். அக்காவுக்குக் கோபம் வந்தால் லேசில் விட மாட்டார். அவர் அப்படியே இருந்தார்.

வீட்டுக்கார அம்மாவும் பார்த்தார். "அது இன்னா, இம்மா சத்தத்துக்கும் அசையாம கீது?"

"அசதி ஆன்ட்டி. அப்படித்தான் தூங்குவாங்க" என்றேன்.

பொய். அக்கா அப்படித் தூங்கியதே இல்லை. சொல்லி முடிக்கிறபோதே அது எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு கை தூரம், நான் போகவில்லை. வீட்டுக்கார அம்மா ஈரக்காலோடு பாய்களை மிதித்துக்கொண்டு போய்ப் போர்வையை விலக்கினார்.

"அடிப்பாவி, கொதிக்குதுடி வுடம்பு! தண்ணி எடு. ஆட்டோக்காரனைக் கூப்புடு!"

அக்காவின் கண் பாதி திறந்திருந்தது. உதடு வெடித்திருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டதற்கு ஏதோ முனகினார். மூன்று பேரும் சேர்ந்து படியில் இறக்கினோம். அன்றைக்குப் படிக்கட்டில் நாங்கள் போட்ட சத்தத்தைப் போல அந்த வீடு அதுவரை கேட்டிருக்காது.

மருத்துவமனையில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எப்பலேருந்து இப்படி இருக்காங்க?"

எட்டு மணியிலிருந்து நான் அங்கேதான் இருந்தேன். யாரோ ஒரு கற்பனை மாலுமி மூச்சு விடுகிறானா என்று மூன்று நாளாக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பார்த்தவள், என் பக்கத்தில் கிடந்தவரை ஒருமுறை தொட்டுப் பார்க்கவில்லை. "தெரியல டாக்டர்" என்று வீட்டுக்கார அம்மாதான் சொன்னார். ஒரு தடவையாவது மெதுவாகப் பேசினார் என்றால் அது அப்போதுதான்.

டெங்கு. உடம்பில் நீர்ச்சத்தே இல்லை. சாயங்காலம் வரை விட்டிருந்தால் கஷ்டம் என்றார்கள். இரண்டு நாள் அக்கா எங்களை அடையாளம் கண்டுகொண்டாரா என்பதே தெரியவில்லை. நான் ஷிப்டுக்குப் போய்வந்து போய்வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். என் பெயர் லிஸ்டில் இருக்கிறதா இல்லையா என்ற நினைப்புகூட வரவில்லை. அக்கா பிழைக்க வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார். ஸ்பூனை வாங்கிக் கீழே வைத்துவிட்டு அழ ஆரம்பித்தேன். "அக்கா, நான் பக்கத்துலதான் இருந்தேன். தூங்குதீங்கன்னு நெனச்சிட்டேன்."

"தெரியும்த்தா" என்றார். "மவுஸு அமுக்குற சத்தம் கேட்டுக்கிட்டேதான் கிடந்தேன்."

எனக்கு அழுகை நின்றுவிட்டது. "கேட்டுச்சா?"

"ஆமா. தண்ணி வேணும்போல இருந்துச்சு. எந்திரிக்க முடியல. ஒன்னையக் கூப்பிடலாம்னுதான் நெனச்சேன். மூலைல அந்தப் புள்ள தூங்குச்சுல்ல, முழிச்சுக்குமேன்னு இருந்துட்டேன். அப்பறம் கூப்பிடணும்னு பாத்தா வாய் வரல."

எத்தனையோ பேய்க் கதை கேட்டிருக்கிறேன். இதைப் போல எதுவும் என்னை உலுக்கியதில்லை. நான் கம்பளத்தில் நடந்துகொண்டிருந்த நேரம் முழுக்க அவர் அங்கே கிடந்து என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவரும் சட்டத்தை மீறவில்லை, நானும் மீறவில்லை. ஒருவர் தூக்கத்தை ஒருவர் மதித்தே ஒருவரைக் கொன்றிருப்போம்.

அக்கா இரண்டு வாரம் ஊரில் இருந்துவிட்டு வந்தார். புதுப்பிக்கும் லிஸ்டில் அவர் பெயர் இல்லை. பிறகு மண்ணூரில் ஒரு சின்ன கம்பெனியில் பேக்கிங் வேலை கிடைத்தது. அதிலும் நைட் ஷிப்ட் உண்டு. அறையை மட்டும் மாற்ற மாட்டேன் என்றுவிட்டார்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று சொல்லுங்கள், பரவாயில்லை. சட்டத்தை மாற்றினேன். உள்ளே வருகிறவள் தூங்குகிறவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அவள் பதில் சொல்ல வேண்டும். "ம்" என்றாலும் போதும். முதல் வாரம் எல்லோரும் என்னைத் திட்டித் தீர்த்தார்கள். மூலையில் படுப்பவள் தலையணையைத் தூக்கி என் மேல் எறிந்தாள். அதுவும் பதில்தான் என்று கணக்கில் எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கார அம்மாவுக்குச் சட்டமே தேவைப்படவில்லை. அவர் கீழேயிருந்து ஒரு குரல் கொடுத்தால் ஆறு பேரும் உயிரோடு இருப்பது தெருவுக்கே தெரியும். வேறு வீடு பார்க்கிற பேச்சை நாங்கள் பிறகு எடுக்கவேயில்லை.

எட்டாவது லெவல் அந்தக் கூடத்திலேயே நிற்கிறது. நேற்றுக் காலை டீ வாங்கிக்கொண்டு மாடிக்கு வந்தேன். போர்வை போட்ட ஜன்னல், மங்கல் வெளிச்சம், தலையோடு கால் மூடி அக்கா. ட்ரே இல்லை, ஸ்க்ரூ இல்லை.

"அக்கா" என்றேன். பதில் இல்லை.

"அக்கா!" டீ கையில் சிந்தியது. பாய்களை மிதித்துக்கொண்டு போய்த் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

போர்வை விலகியது. சிவந்த கண்ணோடு என்னைப் பார்த்தார். "உசுரோடதான் இருக்கேன்டி, சனியனே. கால எடு, முடிய மிதிக்கிற."

காலை எடுத்தேன். அக்கா திரும்பிப் படுத்தார். கொஞ்ச நேரத்தில் "ட்ரே மாத்து" என்றார். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ஆறிப்போன டீயைக் குடித்துக்கொண்டே அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.