வண்டிச் சத்தத்துக்கு வரும் உடும்பு

திருமங்கலம் தாண்டி ஒரு கண்மாய்க் கரையில் பைக்கை நிறுத்துகிறேன். நாரை பார்க்க வந்தவன் நான். கேமராவை எடுப்பதற்குள் கருவேலம் புதரிலிருந்து ஓர் உடும்பு வெளியே வருகிறது. ஆளைக் கண்டாலே ஓடி ஒளிகிற பிராணி, நாக்கை நீட்டி நீட்டி என்னை நோக்கியே நடக்கிறது. பின்னால் இன்னொன்று. சந்தோஷத்தில் கேமராவைக் கண்ணுக்கு உயர்த்துகிறேன்.

மொபெட்டில் நீல டிரம்மோடு ஒரு கோழிக்கடைக்காரர் வந்து நிற்கிறார்.

"என் வண்டின்னு நெனச்சிருச்சுண்ணே. குடல், தோலெல்லாம் தெனம் இங்கதான் கொட்டுவேன். சத்தம் கேட்டாலே வந்துரும்."

"உடும்பு பிடிக்கிறவங்களுக்கும் இது தெரியுமா?"

"தெரியாமயா? முன்னாடி நாயைக் கூட்டிக்கிட்டு நாள் பூரா அலைவாய்ங்க. இப்ப வண்டியை முறுக்கிட்டு நின்னாப் போதும், சாக்குல அள்ளிட்டுப் போயிர்றாய்ங்க."

கேமராவை மூடுகிறேன். கத்துகிறேன், தரையில் ஓங்கி மிதிக்கிறேன், மண்ணாங்கட்டியை எடுத்து எறிகிறேன். உடும்பு ஓடவில்லை. தலையைத் தூக்கி என் கையையே பார்க்கிறது.

"வாயில்லா ஜீவண்ணே, அதைப் போய் அடிக்கிறீகளே!" என்று என்னைக் கடிந்துகொண்டே அவர் டிரம்மைக் கவிழ்க்கிறார்.