வள்ளி கும்மியும் நீலப் பியூஸும்

காரில் எந்தப் பியூஸ் எந்தச் சாமானுக்கு என்று என் கண்ணைக் கட்டிவிட்டாலும் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவேன். சூலூர் டீக்கடையில் இதைச் சொல்லி நிறையப் பேரை வாயைப் பிளக்க வைத்திருக்கிறேன். அவ்வளவும் புளுகு. கண்ணைக் கட்டாமல், மூக்குக் கண்ணாடியும் மாட்டிவிட்டு, பக்கத்தில் நின்று டார்ச் அடித்தாலும் எனக்குத் தெரியாது. அந்தப் பெட்டியின் மூடியில் இருப்பதெல்லாம் இங்கிலீஷ். நான் அஞ்சாவது. அஞ்சாவது பாஸா என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் கலர்தான். சிவப்பு பத்து, நீலம் பதினைந்து, மஞ்சள் இருபது, பச்சை முப்பது. அதுவும் தலையிலேயே நம்பர் போட்டிருப்பதால் தெரியும். முன்பு நான் தறி ஓட்டின குடோனில் இந்தத் தொல்லை கிடையாது. கரண்ட் எச்சானால் சுவரில் இருக்கிற டிரிப் சுவிட்ச் டப்பென்று விழும். தூக்கிவிட்டால் மறுபடியும் தறி ஓடும். கார் அப்படியில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கிற இடத்தில் ஒரு மூடி. திறந்தால் கலர் மிட்டாய் அடுக்கின மாதிரி சின்னச் சின்னப் பியூஸ்கள். அவற்றுக்கு நடுவே கறுப்புக் கட்டைகளாக ரிலேக்கள், கரண்டைத் தட்டிவிடுகிற சுவிட்சுகளாம். பியூஸ் செத்தால் உள்ளே கம்பி அறுந்திருப்பது கண்ணுக்குத் தெரியும். ரிலே செத்தாலும் பிழைத்தாலும் ஒரே முகம்தான், என் மாமனாரைப் போல.

தறிச் சத்தம் போதுமடா சாமி என்றுதான் டிரைவர் வேலைக்கு வந்தேன். ஏசி காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டால் உள்ளே பூனை நடந்தாலும் கேட்கும் என்று சொல்லியிருந்தார்கள். வந்து சேர்ந்த இடத்தில் பூனை இல்லை. அம்மாதான் இருந்தார்.

அம்மா என்று நான் சொல்வது என் முதலாளியம்மாவை. சிங்காநல்லூரில் கிரைண்டருக்கு உதிரி பாகம் விற்கிற கடை வைத்திருக்கிறார். தினமும் காலையில் சூலூரிலிருந்து கடைக்குப் போவோம், சாயங்காலம் திரும்புவோம். அறுபதைத் தாண்டிய பிறகு, போன தை மாதம் போய் வள்ளி கும்மியில் சேர்ந்துவிட்டார். எங்கள் பக்கம் இப்போது ஊருக்கு ஊர் வள்ளி கும்மிதான். கோயில் மைதானத்தில் வட்டமாக நின்று, ஆசிரியர் மைக்கில் பாட, ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி கை தட்டி, ஒரே மாதிரி திரும்பி ஆட வேண்டும். பல மாதம் பழகி, ஒரு நல்ல நாளில் ஊரே பார்க்க அரங்கேற்றம். அந்த நாளுக்கென்று அம்மா பச்சைச் சேலை எடுத்து, ஜாக்கெட்டும் தைத்து, அதைத் தைத்த கடைக் கவரோடு காரின் பின்னால் வைத்துக்கொண்டு சுற்றினார். வீட்டில் வைத்தால் ஐயா கிண்டல் செய்வாராம்.

ஐயா என்பது அவர் வீட்டுக்காரர். "இந்த வயசுல ஆட்டமா? செத்த நேரம் பேப்பர் படிக்க உடறீங்களா?" என்று கேட்கிற ஆள். அதனால் வீட்டில் பாட்டுப் போட முடியாது. கடையில் மோட்டார் ஓடும். அம்மா வைத்திருப்பது பொத்தான் போன், என் போனும் அதே பரம்பரை. மிச்சம் இருந்தது கார் மட்டும்தான்.

ஆசிரியர் பாடிக் கொடுத்த பாட்டுகள் ஒரு பென்டிரைவில் இருந்தன. ஏறி உட்கார்ந்ததும் அதைப் போடச் சொல்வார். வள்ளி தினைப்புனத்தில் குருவி ஓட்டுவாள். பின்சீட்டில் அம்மா கை தட்டுவார். சீட்டு முதுகில் காலால் தாளம் போடுவார், அந்த உதையெல்லாம் என் இடுப்பில் விழும். ஒரு அடி தப்பிப்போனால், "கண்ணு, அந்த எடத்த இன்னொருக்கா போடு" என்பார். போடுவேன். "இன்னும் ஒரேயொருக்கா கண்ணு." சிங்காநல்லூர் சிக்னல் வருவதற்குள் ஒரே குருவியை வள்ளி நாலைந்து தடவை ஓட்டியிருப்பாள்.

சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கள் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எங்கள் ஊரில் பிறந்தவனுக்கு அது வராது. வாயைத் திறந்தால், "நல்லாருக்குதுங்கம்மா, இன்னொருக்கா போடறனுங்க" என்றுதான் வந்தது. கேட்டதும் அவருக்கு உற்சாகம் கூடிவிடும். ஆக, என் இடுப்புக்கு விழுந்த உதையில் பாதி என் வாய் வாங்கிக் கொடுத்தது.

ஒரு மத்தியானம் அம்மா கடைக்குள் இருந்தபோது, வேப்பமர நிழலில் காரை நிறுத்திப் பாட்டை ஓடவிட்டு, அந்த மூடியைத் திறந்தேன். எது பாட்டுக்கான பியூஸ் என்று கண்டுபிடிக்க என்னிடம் ஒரே ஒரு விஞ்ஞானம்தான் இருந்தது: பிடுங்கிப் பார்ப்பது. சிவப்பு ஒன்றைப் பிடுங்கினேன், வள்ளி பாடினாள். செருகிவிட்டு மஞ்சளைப் பிடுங்கினேன், வள்ளி பாடினாள். கறுப்புக் கட்டை ஒன்றை ஆட்டி ஆட்டிப் பிடுங்கினேன், அதற்கும் அசரவில்லை. கடைசியில் ஒரு நீலம். கையோடு வந்தது. அந்த நொடியில் காரில் விழுந்த அமைதி இருக்கிறதே, சீட்டைச் சாய்த்துப் போட்டு அங்கேயே தூங்கிவிட்டேன்.

சாயங்காலம் திரும்பும்போது சிக்னலில் ஹாரனை அழுத்தினால் சத்தமே இல்லை. கறுப்புக் கட்டை ஹாரனுக்கான ரிலே போலிருக்கிறது, அதைப் பாதிதான் அழுத்திச் செருகியிருக்கிறேன். பக்கத்தில் நின்ற பஸ் டிரைவர் எட்டிப் பார்த்து, "ஏனுங்க, வண்டிக்கு மௌன விரதமுங்களா?" என்றார். நான் முழங்காலாலேயே பெட்டியை ஒரு இடி இடித்தேன். ரிலே உட்கார்ந்துகொண்டது. ஹாரன் அலறியதில் பஸ் டிரைவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"பாட்டப் போடு கண்ணு" என்றார் அம்மா.

"செட்டு போயிருச்சுங்கம்மா. உள்ள போர்டே போயிருக்குமாட்ட இருக்குதுங்க. ஸ்பேர் வரணுமுங்க."

நீலப் பியூஸ் என் சட்டைப் பையில்தான் இருந்தது. அம்மா "பரவால்ல உடு. நீயா இருக்கவும் பாத்துச் சொன்ன. வேற ஆளா இருந்தா எங்கயாச்சும் கொண்டுபோயி உட்டு வண்டியவே கெடுத்துப்போட்டிருப்பான்" என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

பாட்டு மட்டும் போயிருந்தாலும் பரவாயில்லை. அந்த நீலத்தோடு கதவுப் பூட்டும் உள்ளே எரிகிற விளக்கும் சேர்ந்து போய்விட்டன. ரிமோட்டை அமுக்கினால் எந்தக் கதவும் திறக்காது. நான் இறங்கி, உள்ளே கையை விட்டுப் பூட்டைத் தூக்கி, சுற்றி வந்து பின்கதவைத் திறந்து நிற்க வேண்டியிருந்தது. அம்மாவுக்குக் கூச்சமாகப் போய்விட்டது. "எதுக்குக் கண்ணு ராணிக்குத் தொறந்து உடறாப்ல தொறந்து உடற? இப்புடியொரு மரியாதையான பையன் எங்க கெடைப்பான்?" என்று கடையில் எல்லோரிடமும் சொன்னார்.

நாலு நாள் அமைதியாகப் போனது. ஐந்தாம் நாள் அவர் முன்னால் சாய்ந்து கேட்டார்: "நீயும் எத்தன தடவ கேட்டிருக்கற. உனக்கு மனப்பாடம் ஆகியிருக்கோணுமே?"

"ஆயிருச்சுங்க" என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன்.

"அப்பப் பாடு."

திருச்சி ரோட்டில், ஒரு கையில் கியரும் ஒரு கையில் ஸ்டியரிங்குமாக, நான் வள்ளியாகப் பாடினேன். முருகனாகவும் நானே பாடினேன். ஒரு வார்த்தை தப்பவில்லை. ஆனால் என் மண்டைக்குள் தாளம் என்று ஒன்று இருந்தால் அது தறியின் தாளம்தான். கும்மி மூன்று மூன்றாகச் சுழன்று போகும். தறிக்கு இரண்டுதான்: தடக்கு, தடக்கு. நான் வள்ளியைத் தறியில் ஏற்றி ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கும் தெரியவில்லை, பின்னால் நம்பித் தட்டிக்கொண்டிருந்தவருக்கும் தெரியவில்லை. வாரக்கணக்கில் காலையும் மாலையும் இதுவே நடந்தது. "நல்லாப் பாடற கண்ணு" என்று வேறு சொல்வார். உதை வாங்கின இடுப்பு வலித்ததைவிட இது அதிகமாக வலித்தது. ஆனாலும் பியூஸை எடுத்துச் செருகவில்லை. செருகினால், அது எப்படித் தானாகச் சரியானது என்று கேட்பாரே என்ற பயம்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி. மைதானத்து ஓரமாகக் காரை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் வலது பக்கம் திரும்புகிறபோது அம்மா இன்னும் தட்டிக்கொண்டிருந்தார். அவர் திரும்பியபோது எல்லோரும் குனிந்திருந்தார்கள். பக்கத்தில் ஆடின அக்காவின் நெற்றியில் இடித்துவிட்டார். ஆசிரியர் பாட்டை நிறுத்தி, மைக்கிலேயே கேட்டார்.

"ஏனுங்கம்மா, கும்மி அடிக்கறீங்களா, தறி ஓட்டறீங்களா?"

மைதானமே சிரித்தது. அம்மாவும் சிரித்தார். அந்த மனிதர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டாரே என்று நான் கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன். பயிற்சி முடிந்ததும் ஆசிரியர், அரங்கேற்றத்தன்று வட்டத்துக்கு வெளியே நின்று கை மட்டும் தட்டுங்கள் என்று அம்மாவிடம் தன்மையாகச் சொல்லிவிட்டார்.

காரில் ஏறின அம்மா பாடச் சொல்லவில்லை. பச்சைச் சேலைக் கவரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "வயசாயிருச்சு கண்ணு. புத்தியில ஒண்ணும் நிக்கமாட்டேங்குது. எங்க ஊட்டுக்காரரு சொல்றது செரிதான், எனக்கெதுக்கு இந்த ஆட்டம்" என்றார்.

புத்தி இல்லீங்கம்மா, பியூஸுங்க என்று நாக்கு நுனி வரை வந்தது. கியரை மாற்றினேன்.

வீட்டில் சட்டை துவைக்கப்போன என் சம்சாரம், இத்தனை நாளும் நான் சட்டைக்குச் சட்டை மாற்றி வைத்திருந்த அந்தப் பியூஸை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். "என்னுங்க இது, நீல முட்டாயாட்ட?" எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"அந்தம்மா வயசாயிருச்சுன்னு நெனைச்சுக்கிட்டு அழுதுட்டிருக்கும். நீங்க சோத்தத் தின்னுட்டு உக்காந்திருக்கறீங்க. தூ!" என்றாள். அந்தத் தூ எனக்கா சோற்றுக்கா என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

விடிந்ததும் அம்மா வீட்டுக்குப் போய் மூடியைத் திறந்தேன். இரண்டு ஓட்டைகள் காலியாக இருந்தன. எதிலிருந்து பிடுங்கினேன் என்று நினைவில்லை. ஒன்றில் செருகினேன், ஒன்றும் நடக்கவில்லை. அதில் எப்போதுமே எதுவும் இருந்திருக்காது போல. அடுத்ததில் செருகினேன். உள்விளக்கு எரிந்தது, நான்கு கதவும் டக்கென்று பூட்டிக்கொண்டன, வள்ளி முழுச் சத்தத்தில் குருவி ஓட்டினாள். வாசலில் உட்கார்ந்திருந்த ஐயா கையிலிருந்து பேப்பர் பறந்தது. "தொலைஞ்சுதுன்னு நெனைச்சனே!" என்று கத்தினார்.

அம்மா ஈரக் கையோடு ஓடி வந்தார். "நீயே ரிப்பேர் பண்ணிப்போட்டியா கண்ணு?"

அதுதான் சமயம். சொல்லியிருக்க வேண்டும். "ஆமாங்க" என்றேன்.

தெருவுக்கே சொல்லிவிட்டார், எங்கள் டிரைவருக்குத் தெரியாத வேலை இல்லை என்று. எதிர்வீட்டுக்காரர் தன் கார் வைப்பர் ஓடவில்லை, வந்து பார்க்கிறாயா என்று கேட்டார். முதுகு பிடித்துக்கொண்டது என்று சொல்லித் தப்பித்தேன். அந்த வாரம் முழுக்க அம்மா நிஜப் பாட்டுக்குத் தட்டிப் பழகினார். உதை எவ்வளவு விழுந்தாலும் முதுகை நேராக வைத்து வாங்கிக்கொண்டேன். ஆனால் பழகின கை லேசில் விடுமா? மூன்றில் போய்க்கொண்டே இருப்பார், திடீரென்று நடுவில் ஒரு தடக்கு விழும். விழுகிற ஒவ்வொரு தடவையும் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சங்கடமாகச் சிரிப்பார். தப்பு தன்னுடையது என்றுதான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அடுத்த வாரம் அரங்கேற்றம். ஒரே ஒரு தடவை ஆடிக்காட்டுகிறேன், பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று அம்மா கெஞ்சிக் கேட்டதால் ஆசிரியர் இன்றைக்கு வரச் சொன்னார். மைதானத்தில் இப்போது அதுதான் நடந்துகொண்டிருக்கிறது. பார்க்கத் தைரியம் இல்லாமல் காருக்குள் தலையைக் குனிந்துகொண்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். எப்படியும் இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று சம்சாரத்தின் தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு வந்திருக்கிறேன். முதலில் ஆசிரியரிடம்: அது அவர் வயசு இல்லீங்க, என் தறி. பிறகு அம்மாவிடம். அவரிடம் எப்படி ஆரம்பிப்பது என்பதுதான் பிடிபடவில்லை. அம்மாங்க, அந்தச் செட்டு தானாகப் போகவில்லைங்க என்று ஆரம்பித்து, சட்டைப் பையில்…

"கண்ணு! ஏங் கண்ணு, தூங்கறயா?"

அம்மா மூச்சு வாங்க ஓடி வருகிறார். சேலையைத் தூக்கிச் செருகியிருக்கிறார்.

"முக்காவாசி செரியா வந்துட்டேன் கண்ணு. முருகன் கெழவனா வார எடத்துல அந்தத் தடக்கு வந்துபோச்சு. மத்தவிய தண்ணி குடிச்சுட்டு வாரதுக்குள்ள இன்னொருக்கா பாக்கறேன்னு சொல்லீட்டாரு. கதவெல்லாம் தொறந்து உடு. அந்த எடத்தப் போடு, இங்கயே ஆடிப் பாத்துக்கறேன்."

"அம்மாங்க, ஒரு விசயம் சொல்லோணுமுங்க…"

"அதெல்லாம் அப்பறஞ் சொல்லு. சீக்கிரம் கண்ணு! சத்தமா வெய்யி. நீ மட்டும் கூடச் சேந்து பாடிப்போடாத!"

வாரனுங்கம்மா.