ஐந்து வோல்ட் தேடி ஈப்போவுக்கு

காலை எட்டேகால். செமோரில் அக்கா வீட்டு வாசலில் வாடகைக் கார் வந்து நின்றது. ரப்பர் தோட்டத்தை மூடியபின் எழுந்த வீடுகள் இவை. இங்கிருந்து ஈப்போ பட்டணம் பதினைந்து கிலோமீட்டர். மறுநாள் அக்கா கணவரான மாமாவின் பதினாறாம் நாள் படையல், வைக்கப் படம் இல்லை. கைப்பேசியில் இருப்பதெல்லாம் மூக்கில் குழாயோடு ஆஸ்பத்திரியில் எடுத்தவை. மாமா வாய்விட்டுச் சிரிக்கும் ஒரே படம் பழைய டிஜிட்டல் போட்டோ ஃப்ரேமுக்குள் கிடந்தது. அதன் அடாப்டரைக் காணோம்.

ஃப்ரேமைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். "என்னாண்ணே, கொழந்த மாதிரி புடிச்சிருக்கீங்க?" என்றார் டிரைவர். சொன்னேன். "கெடைச்சுரும் லா, ஈப்போல இல்லாததா?" பதினெட்டு ரிங்கிட் கொடுத்து மழையில் இறங்கினேன்.

முதல் இரண்டு கடைகளில் "தாக் அடா", இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். பத்தரை மணிக்கு மூன்றாவது கடை. கடைக்கார பாய் ஒரு டப்பாவைக் கிளறி ஒன்றை எடுத்தார், இருபத்தைந்து ரிங்கிட். அப்பாடா என்றிருந்தது. சொருகினார், திரையில் வெளிச்சமே இல்லை. பின்மூடியைக் கழற்றி முகர்ந்தார்.

"வேற ஏதாச்சும் சொருகினீங்களா?"

"நேத்து வைஃபை பெட்டியோடத. கச்சிதமா உக்காந்துச்சு பாய்."

"உக்காரும் லா. அது பன்னெண்டு வோல்ட், இதுக்கு அஞ்சு. உள்ள கருகிப் போச்சு. படமெல்லாம் இனி வராது."

தோட்டத்து லயத்தில், ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் வளர்ந்தவன் நான். எந்த வீட்டு அடாப்டரும் எந்த வீட்டு ரேடியோவுக்கும் போகும். ஓட்டையில் உட்கார்ந்தால் சரி, அவ்வளவுதான் எங்கள் படிப்பு. அட மடையா, அதில் எழுதியிருந்ததைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

பக்கத்து ஸ்டூடியோவில் கைப்பேசிப் படத்தைக் காட்டினேன். "கொழாய அழிச்சிரலாம். ஒட்டுன கன்னத்துக்கு ஒண்ணும் செய்ய முடியாதுண்ணே," என்றாள் அங்கிருந்த பெண். சட்டத்தோடு நாற்பது ரிங்கிட்.

மூன்று மணிக்குச் செமோர் திரும்பினேன். அக்கா படத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"அந்தப் படம் வரலியாடா?"

"இல்லக்கா. உள்ள கருகிருச்சு."

"பழைய சாமான், அதுவா போயிருக்கும். நீ என்னா செய்வ? போயி சாப்புடு."

"ஆமாக்கா," என்றேன்.

மறுநாள் படையலுக்கு வந்தவர்கள், ஏன் இப்படி மெலிந்த படத்தை வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். அக்கா ஒவ்வொருவரிடமும், "எந் தம்பி ஈப்போ பூராவும் தேடுனான், பாவம்," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் ஊர் திரும்ப வேண்டிய தைப்பிங் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி, சாப்பாட்டுக்கு முன்பே கிளம்பிவிட்டேன்.