மாலை கழற்றாத சாமி

பொள்ளாச்சியைத் தாண்டி வடக்கே நடந்துகொண்டிருந்தேன். கயிறு மில்லில் வேலையை விட்டு வந்த நாள் அது. சூப்பர்வைசர் என் அம்மாவையும் சேர்த்து வைதான். என் கை பக்கத்தில் கிடந்த இரும்புக் கம்பியைத் தேடியது. கைக்கு அது அகப்படுவதற்குள் கால்கள் கேட்டுக்கு வெளியே வந்துவிட்டன. தோளில் துணிப்பை இருந்தது. போவதற்கு இடம் எதுவும் இல்லை. இதெல்லாம் எனக்குப் புதிதல்ல.

எதிரே பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் பச்சை வேட்டியும் பச்சைச் சேலையுமாக வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் தெற்கே, நான் வடக்கே. ஒரு பெண் தன் பாட்டிலை என் முன்னே நீட்டி, "தண்ணி குடிங்க சாமி, மொகமே வாடிக் கெடக்குதுங்க" என்றாள். மாலை போட்டவர்களுக்கு எதிரில் வருகிற எல்லோரும் சாமிதான். வழக்கத்துக்குச் சொன்ன சொல். ஆனாலும் வெகுநேரம் என் கூடவே நடந்து வந்தது.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது போத்தனூரில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். அப்பா பவுண்டரியில் வார்ப்பு வேலை செய்தார். உலைச் சூட்டில் பாதியை வீட்டுக்கும் கொண்டுவருவார். சோற்று வட்டல் பறக்கும். அம்மாவின் மேல் கை விழும். ஆனால் மார்கழியில் பழனிக்கு மாலை போட்டுவிட்டால் அவர் வேறு ஆள். அம்மாவிடம், "சாமி, சோறு போடுங்க சாமி" என்பார். என்னை எழுப்பும்போதுகூட, "சாமி, எந்திரிங்க, பள்ளிக்கொடத்துக்கு நேரமாச்சு" என்பார். தைப்பூசம் முடிந்து மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே பழைய அப்பா திரும்பி வந்துவிடுவார். அந்த மாலையில் ஏதோ சுவிட்ச் இருப்பதாகவே நான் நம்பியிருந்தேன்.

அந்த வருடம் அம்மாவும் மாலை போட்டு நடந்தாள். பழனியில் சாமி கும்பிட்டு இறங்கியதும் அப்பா மாலையைக் கழற்றினார். அம்மா கழற்றவில்லை. "எனக்கு இன்னும் வேண்டுதல் முடியலீங்க" என்றாள். என்ன வேண்டுதல் என்று சொல்லவில்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அப்பா அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

வீடு சேர்ந்ததும், "ஏண்டி, சுடுதண்ணி..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றுவிட்டார். மாலை போட்டவர்களை வையக்கூடாது, கை வைக்கக்கூடாது. வைதால் முருகனையே வைததுபோல. எங்கள் லைனில் குழந்தைகளுக்குக்கூட அது தெரியும். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "சுடுதண்ணி வேணுமுங்க" என்றார்.

பக்கத்து வீட்டில் இருந்த அத்தை, அப்பாவுக்கு அக்கா, விடவில்லை. "ஏனம்மணி, இப்படி மாசக்கணக்காப் போட்டுட்டுத் திரிஞ்சா, மாசாமாசம் வீட்டுக்குத் தூரமானா என்ன பண்ணுவ?"

"ஆறு தாயி வளத்த புள்ளைங்க முருகன். அவனுக்கு இதெல்லாம் தெரியாதுங்களாக்கும்?" என்றாள் அம்மா. அத்தை வாயைச் சுளித்துக்கொண்டு போனாள். எங்கே தூரம், எவ்வளவு தூரம் என்று எனக்கு விளங்கவில்லை.

மாலை அம்மாவையும் கட்டிப் போட்டிருந்தது. அவளும் யாரையும் வையக்கூடாது. பாலில் வாயை வைத்த பூனையிடம், "சாமி, அது காப்பிக்கு வெச்ச பாலுங்க" என்று சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். சர்க்கரை டப்பாவுக்குள் கைவிட்ட என்னிடமும் அதே குரல்தான். "சாமி, அதைய வெச்சுப்போட்டு வாங்க." அடி விழுந்திருந்தால் மறுநாளும் திருடியிருப்பேன். சாமி என்று கூப்பிட்ட பிறகு கை உள்ளே போக மறுத்தது.

பங்குனியில் ஒரு சாயங்காலம். வார்ப்பு உடைந்து, முதலாளியிடம் வசவு வாங்கிக்கொண்டு அப்பா வந்திருந்தார். குழம்பு ஆறியிருந்தது. வட்டலைத் தூக்கிச் சுவரில் அடித்தார். பிறகு எழுந்து நின்றார். அம்மாவின் கழுத்தில் மாலை இருப்பது அவர் கண்ணில் படவே இல்லை. கை மேலே போய்விட்டது. நான் கதவுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டேன்.

அம்மா நகரவில்லை. "சாமி, கையக் கீழ போடுங்க" என்றாள். கெஞ்சலாக இல்லை. ரோட்டின் நடுவில் நிற்கிற பிள்ளையை ஓரமாக வரச் சொல்வதுபோல இருந்தது.

"நாந்தான் மாலையக் கழட்டிப்போட்டனல்ல! என்னைய எதுக்குச் சாமிங்கற?"

"மாலையத்தானுங்க கழட்டுனீங்க. சாமி எங்க போயிருமுங்க?"

கை கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. எதற்காகத் தூக்கினோம் என்று அதற்கே மறந்துவிட்டதுபோல இருந்தது. பிறகு இறங்கியது. அப்பா வெளியே போய்த் தண்ணீர்க் குழாயடியில் உட்கார்ந்துகொண்டார். லைன் முழுக்க ஜன்னல்கள் திறந்து மூடின. வெளிச்சம் போவதற்கு முன் உள்ளே வந்து, அம்மாவைப் பார்க்காமல், "சோறு மிச்சம் இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

"இருக்குதா" என்றில்லை, "இருக்குதுங்களா." மாலையில்லாத அப்பாவின் வாயிலிருந்து அந்த 'ங்க' வந்தது அதுதான் முதல் தடவை.

அதன்பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். வட்டல் இன்னும் சில தடவை பறந்தது. ஆனால் அம்மாவின் மேல் கை விழவில்லை. மாலையின் நூல் நைந்து அறுந்தபோது அவளே மணிகளைப் பொறுக்கிக் கோத்துப் போட்டுக்கொண்டாள். ஏழாவதோடு பள்ளியை விட்டு நான் ஊரைவிட்டுக் கிளம்பியபோதும் அது அவள் கழுத்தில்தான் இருந்தது.

அம்மாவுக்குக் கோபமே வராது என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். குழாயடியில் ஒரு துவைகல் இருந்தது. அவள் துணி துவைக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு, "சாமி... சாமி..." என்பாள். ஜெபம் செய்கிறாள் என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வீட்டில் அப்பாவின் சட்டைகள் மட்டும் ஏன் அத்தனை சீக்கிரம் கிழிந்தன என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

மில்லை விட்ட மறுநாள் காலை கிணத்துக்கடவில் ஒரு தேங்காய்க் களத்தில் மட்டை உரிக்கும் வேலை கிடைத்தது. தரையில் நட்ட கூர்க்கம்பியில் காயைக் குத்தித் திருக வேண்டும். மேஸ்திரி எடுத்த எடுப்பிலேயே, "டேய் நெட்டக்கொக்கு, வேலைக்கு வெடியறக்குள்ள வரோணுமல்ல?" என்றார். கம்பி பக்கத்தில்தான் இருந்தது. முதல் காயை எடுத்து, "சாமி" என்று ஓங்கிக் குத்தினேன். மட்டை இரண்டாகப் பிளந்தது.

"என்றா, வேல நேரத்துல சாமி கும்புடற?"

"ஆமாங்க சாமி. அடுத்த காயத் தள்ளுங்க" என்றேன்.