ஈப்போவுக்கு ஒரு லாரி மொட்டைகள்

ஈப்போவில் ஆஸ்பத்திரி வாசலில் எங்கள் தோட்டத்து லாரி நிற்கிறது. முனியாண்டியின் மனைவிக்கு நாளை ஆப்பரேஷன். அவளுக்கு ரத்தம் கொடுக்க வந்த நாங்கள் அத்தனை பேரும் மொட்டை. என் தலையில் மட்டும் நாவிதர் முடியைத் தேடித் தேடித்தான் சிரைத்தார்.

ரத்தம் எடுக்கும் மிஸ்ஸி சிரிக்கிறார்.

"என்னண்ணே, எல்லாரும் பத்துமலையா?"

"பழனிலா! போன வாரந்தான் கப்பல்ல வந்து இறங்குனோம்" என்று நெஞ்சை நிமிர்த்துகிறேன்.

மிஸ்ஸி ஊசியைத் தட்டிலேயே வைத்துவிடுகிறார்.

"அங்க மலேரியா இருக்குண்ணே. போய்ட்டு வந்தவங்க ரத்தத்த இப்பக்கி எடுக்க முடியாது."

"என்னயக் கடிச்ச கொசுதான் செத்துருக்கும் மிஸ்ஸி."

யாரும் சிரிக்கவில்லை. மனைவிக்குத் துணையாக இங்கேயே இருந்த முனியாண்டி நேற்றே கொடுத்துவிட்டான். அது போதாதாம்.

"அவளுக்கு நல்லாவணும்னு வேண்டிக்கத்தானே மிஸ்ஸி இவங்க போனாங்க?" என்கிறான்.

"தெரியுதுண்ணே. ரத்தம் இல்லாம டாக்டர் கத்தி வைக்க மாட்டாரு."

அவன் எதிரேயிருக்கும் பஸ் ஸ்டாப்புக்குப் போய், முன்பின் தெரியாதவர்களிடம் கேட்க ஆரம்பிக்கிறான். நானும் போகிறேன். கையில் காய்கறிப் பையோடு நிற்கும் ஒருவர் நான் சொல்வதையெல்லாம் பொறுமையாகக் கேட்கிறார்.

"பாவம்லா. நீங்க குடுத்துட்டீங்களாண்ணே?"

இல்லை என்கிறேன். அவர் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டு பஸ் வருகிறதா என்று பார்க்கிறார்.